குரங்கின் மூளையில் நன்மை தீமை உணரும் நரம்பணுக்கள்

நிக்கோபார்த் தீவுக் கூட்டத்தில் பெரிய நிக்கோபார், சிறிய நிக்கோபார், கச்சால் என்னும் மூன்று தீவுகளில் ஒரு வகைக் குரங்கு இயற்கையாக வாழ்ந்து வருகின்றது. அதற்கு நிக்கோபார் நீள்வால் குரங்கு என்று பெயர். விலங்கியலார் அதனை மக்காக்கா ஃபாசிகுலாரிஸ் உம்ப்ரோசஸ் என்பர். 1902-ஆம் ஆண்டில் ஜெரிட் மில்லர் என்னும் அமெரிக்க விலங்கியலறிஞர் அதனைத் தனி வகையாக விவரித்தார். தென்கிழக்கு ஆசியாவில் பரவியுள்ள நீள்வால் குரங்கின் தீவுக் கிளையே இது. தமிழ்நாட்டின் நாட்டுக் குரங்கிற்கும், வடநாட்டின் ரீசஸ் குரங்கிற்கும் இது நெருங்கிய உறவுடையது. 1972-ஆம் ஆண்டின் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இஃது இடம்பெற்றுள்ளது. ஆகவே இதனைக் கொல்லுதலும் பிடித்தலும் குற்றமாகும்.

கடற்கரையை ஒட்டிய தாழைக் காடுகள் இக்குரங்குகளுக்கு உணவும் உறைவிடமும் அளித்து வந்தன. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அக்காடுகளில் பெரும் பகுதியை அழித்தது. எனினும் குரங்கினம் அழிந்துவிடவில்லை. கோயம்புத்தூர் சாலிம் அலி பறவையியல், இயற்கை வரலாற்று மையத்தைச் சேர்ந்தோர் பங்குகொண்டு 2016-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, குரங்குகளின் தொகை மீண்டு வருவதைக் காட்டியது. அதே வேளையில், தென்னந்தோப்புகளில் குரங்குகள் இளநீரையும் தேங்காயையும் பறிப்பதால் குடியிருப்போருக்கு இழப்பும் நேர்கின்றது.

இவ்வாறு மனிதரும் குரங்கும் எதிர்ப்படும் இடங்களில் ஒரு வேறுபாட்டைக் களப் பணியாளர் எளிதில் கவனிக்கலாம். உள்காட்டில் மனிதனைக் கண்டவுடன் குரங்கு கிளைகளுக்குள் மறைகின்றது. சாலையோரத்தில் அதே இனத்துக் குரங்கு மனிதனை நோக்கி வருகின்றது. சில வேளைகளில் கையிலுள்ள பையைப் பற்றியும் இழுக்கின்றது. இரண்டு இடங்களிலும் கண்ணுக்குத் தெரிவது மனித உருவமே. ஓரிடத்தில் அவ்வுருவம் அபாயத்தைக் குறிப்பதும் மற்றோரிடத்தில் உணவைக் குறிப்பதும் எதனால்? இவ்வினாவிற்கு விடை தரும் உறுப்புகளுள் தலையாயது, மூளையின் உட்புறத்திலுள்ள அமிக்டலா என்னும் பகுதியாகும்.

அமிக்டலா அமைந்துள்ள இடம்

அமிக்டலா என்னும் கிரேக்கச் சொல்லுக்கு வாதுமை என்பது பொருள். வாதுமைப் பருப்பின் வடிவத்தை ஒத்திருப்பதால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய உடற்கூற்றறிஞர் புர்டாக் இதற்கு இப்பெயரை இட்டார். மூளையின் இருபுறமும் பக்கத்திற்கு ஒன்றாக இஃது அமைந்துள்ளது. காதுக்கு மேலும் முன்னும் உள்ள பொட்டு மடலின் உட்பக்கத்தில் இது புதைந்து கிடக்கின்றது.

அமிக்டலா ஒரே திரளான பொருளன்று. பல சிறு தொகுதிகளின் கூட்டாகும். அவற்றுள் மூன்றை மட்டும் இங்கு அறிந்துகொண்டால் போதும். முதலாவது, பக்கத் தொகுதி. கண், செவி முதலிய புலன்களின் செய்திகள் மூளைப் புறணியிலிருந்து பெரும்பாலும் இத்தொகுதியின் வழியாகவே உள்ளே வருகின்றன. இரண்டாவது, அடித் தொகுதி. இது முன்மூளையோடும், செயலைத் தேர்ந்தெடுக்கும் பகுதிகளோடும் தொடர்புடையது. மூன்றாவது, நடுத் தொகுதி. இதிலிருந்து செல்லும் நரம்பிழைகள் இதயத் துடிப்பு, மூச்சு, உடல் விறைப்பு ஆகியவற்றை ஆளும் கீழ்ப் பகுதிகளை அடைகின்றன. ஒரு காவல் நிலையத்தில் செய்தி வந்து சேரும் வாயிலும், அதனை ஆராயும் அறையும், ஆணை புறப்படும் வாயிலும் இருப்பதோடு இவ்வமைப்பை ஒப்பிடலாம். ஆயினும் இத்தொகுதிகள் தம்முள் ஓயாது செய்தி பரிமாறிக்கொள்கின்றன என்பதையும் மறத்தலாகாது.

உறுப்பை நீக்கியபோது நிகழ்ந்தது

1937-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் உளவியலறிஞர் கிளூவர், அறுவை மருத்துவர் பியூசி ஆகிய இருவரும் ஒரு வியத்தகு நிகழ்ச்சியை அறிவித்தனர். ரீசஸ் குரங்குகளின் இரு பொட்டு மடல்களையும் அகற்றியபோது, அவற்றின் பார்வை கெடவில்லை; ஆனால் பார்த்த பொருளின் பொருண்மை கெட்டது. முன்னர் அஞ்சி ஒதுங்கிய பாம்பையும் அக்குரங்குகள் அச்சமின்றிக் கையிலெடுத்தன. உண்ணத் தக்கது, தகாதது என்ற வேறுபாடின்றி எதிர்ப்பட்ட பொருள்களை வாயிலிட்டுப் பார்த்தன. கண்ணிருந்தும் மதிப்பறியாத இந்நிலையை அக்கால அறிஞர் 'உளக்குருடு' என்னும் கருத்துப்படக் குறித்தனர்.

பொட்டு மடல் மிகப் பெரியது. அதில் எப்பகுதியின் இழப்பு இம்மாறுதலுக்குக் காரணம்? 1956-ஆம் ஆண்டில் வைஸ்கிரான்ஸ் என்பவர் அமிக்டலாவை மட்டும் நீக்கிச் சோதித்தார். அச்சமின்மையும் அடக்கமும் அப்போதும் தோன்றின. இதிலிருந்து, காட்சியை நன்மை தீமையோடு இணைக்கும் பணியில் அமிக்டலாவுக்குச் சிறப்பிடம் உண்டு என்பது தெளிவாயிற்று.

எனினும் உறுப்பை நீக்கும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. கடிகாரத்திலிருந்து ஒரு சக்கரத்தை எடுத்துவிட்டால் கடிகாரம் நின்றுபோவது தெரியும். அச்சக்கரம் என்ன செய்துகொண்டிருந்தது என்பது தெரியாது. அதனை அறிய, இயங்கும் உறுப்பின் தனித்தனி நரம்பணுக்களைக் கவனித்தல் வேண்டும்.

நரம்பணுவைக் கவனிக்கும் முறை

நரம்பணு தன் செய்தியைச் சிறு மின் துடிப்புகளாக அனுப்புகின்றது. ஒரு துடிப்பு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே நீடிக்கும். தலைமயிரினும் நுண்ணிய முனையுடைய உலோகக் கம்பியை நரம்பணுவின் அருகில் நிறுத்தினால், ஒவ்வொரு துடிப்பையும் கருவியில் பதியலாம். ஒலிபெருக்கியில் 'டிக் டிக்' என்ற ஓசையாகக் கேட்கவும் இயலும். மூளைப் பொருளில் வலியுணரும் நரம்புகள் இல்லை. ஆகவே விழித்திருந்து செயலில் ஈடுபட்டுள்ள குரங்கிலேயே இவ்வகைப் பதிவு செய்யப்படுகின்றது.

ஓய்விலும் நரம்பணு முற்றும் வாளாவிருப்பதில்லை. இடையிடையே துடித்துக்கொண்டே இருக்கும். ஒரு பொருளைக் காட்டியவுடன் துடிப்பு விரைந்தால் அல்லது குறைந்தால், அந்நரம்பணு அப்பொருள் பற்றிய செய்திக்கு விடையிறுக்கின்றது என்று கொள்ளப்படும். கீழே கூறப்படும் சோதனைகள் ஆய்வுக்கூடங்களில் நிக்கோபார்க் குரங்கின் உறவினங்கள்மீது நடத்தப்பட்டவை என்பதை நினைவில் வைத்தல் வேண்டும்.

தர்ப்பூசணியும் உப்பும்

ஜப்பான் நாட்டுத் தோயாமா நகரில் ஓனோ, நிஷிஜோ முதலியோர் 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறையில் பெயர் பெற்றது. அவர்கள் குரங்குகளுக்கு உணவுப் பொருள்களையும், உணவல்லாத பொருள்களையும், அச்சுறுத்தும் பொருள்களையும் காட்டினர், ஒலிகளைக் கேட்பித்தனர், உணவை வாயிலும் அளித்தனர். அமிக்டலாவின் நரம்பணுக்கள் பல வகையினவாக இருந்தன. சில காட்சிக்கு மட்டும் விடையிறுத்தன. சில ஒலிக்கு மட்டும். சில உண்ணும்போது மட்டும். வேறு பல, இரண்டு அல்லது மேற்பட்ட புலன்களின் செய்திகளுக்கு விடையிறுத்தன. மிகச் சில நரம்பணுக்கள் குறிப்பிட்ட ஒரே ஒரு பொருளுக்கு மட்டும் துடித்தன.

அவ்வாறான ஒரு நரம்பணு தர்ப்பூசணித் துண்டைக் கண்டபோது துடித்தது. பின்னர் ஆராய்ச்சியாளர் அத்துண்டில் உப்பைச் சேர்த்தனர். குரங்கு அதனைச் சுவைத்து வெறுத்தது. அதன்பின் தர்ப்பூசணியைக் காட்டியபோது அந்நரம்பணுவின் விடை ஒடுங்கிவிட்டது. பழத்தின் நிறமும் வடிவும் மாறவில்லை. கண்ணுக்கு வந்த ஒளியும் மாறவில்லை. மாறியது குரங்குக்கு அப்பழத்தின் பயன் மட்டுமே. எனவே அந்நரம்பணு அறிவித்தது 'இது தர்ப்பூசணி' என்பதையன்று. 'இது விரும்பத் தக்கது' என்பதையே எனலாம்.

மதிப்பை மாற்றிய சோதனை

இக்கருத்தை மேலும் கண்டிப்பாகச் சோதித்தவர்கள் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டன், பெலோவா, மாரிசன், சால்ஸ்மன் ஆகியோர். அவர்களது ஆய்வு 2006-ஆம் ஆண்டில் வெளிவந்தது. குரங்கு முன்பின் அறியாத, பொருளற்ற கோலங்கள் சில திரையில் காட்டப்பட்டன. ஒரு கோலத்தைத் தொடர்ந்து குடிக்க நீர்ம உணவு கிடைத்தது. மற்றொரு கோலத்தைத் தொடர்ந்து முகத்தில் வெறுப்பூட்டும் காற்று வீச்சு பட்டது. சில முறைக்குள் குரங்கு இரண்டையும் வேறுபடுத்தக் கற்றது. முதற்கோலத்தைக் கண்டதும் நக்கத் தொடங்கியது. இரண்டாவதைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டது.

அமிக்டலாவில் இரு வகை நரம்பணுக்கள் காணப்பட்டன. ஒரு வகை, நன்மை தரும் கோலத்துக்கு மிகுதியாகத் துடித்தது. மற்றொரு வகை, தீமை தரும் கோலத்துக்கு மிகுதியாகத் துடித்தது. இவ்விரு வகையும் தனித்தனி இடங்களில் ஒதுங்கியிராமல், ஒரே நிலத்தில் நெல்லும் கேழ்வரகும் கலந்து விதைத்தாற்போல் கலந்திருந்தன. அதன்பின் ஆராய்ச்சியாளர் முன்னறிவிப்பின்றி விளைவுகளை மாற்றினர். உணவைக் குறித்த கோலம் காற்று வீச்சைக் குறித்தது. காற்று வீச்சைக் குறித்தது உணவைக் குறித்தது. குரங்கின் நடத்தை சில முறைகளில் மாறியது. நரம்பணுக்களின் விடையும் அதற்கேற்ற வேகத்தில் மாறியது.

இச்சோதனையிலிருந்து இரண்டு உண்மைகள் பெறப்படும். முதலாவது, அமிக்டலா அச்சத்தின் உறுப்பு என்று மட்டும் கூறுவது பிழை. அது நன்மையையும் தீமையையும் ஒருங்கே கணக்கிடுகின்றது. இரண்டாவது, அக்கணக்கு ஒருமுறை எழுதி முடிக்கப்பட்டதன்று. விளைவு மாறுந்தோறும் திருத்தி எழுதப்படுவது.

முகமும் கண்ணும்

கூட்டமாக வாழும் குரங்குக்கு உணவைப்போலவே முதன்மையான செய்தி, பிற குரங்கின் முகமாகும். கோதார்டு என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடன் பணியாற்றியோரும் 2007-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், அச்சுறுத்தும் முகம், அமைதி காட்டும் முகம், இயல்பான முகம் ஆகிய மூவகைப் படங்கள் குரங்குகளுக்குக் காட்டப்பட்டன. சில நரம்பணுக்கள் 'யார்' என்பதற்கும், சில 'என்ன உணர்ச்சி' என்பதற்கும் விடையிறுத்தன. முகத்துக்கு விடையிறுத்தவற்றில் பெரும்பாலானவை இரண்டையும் இணைத்தே விடையிறுத்தன. அச்சுறுத்தும் முகங்கள் பொதுவாக மிகுந்த துடிப்பை எழுப்பின.

2014-ஆம் ஆண்டில் அதே குழுவினர், குரங்குகள் நடமாடும் திரைப்படத்தை மற்றொரு குரங்குக்குக் காட்டி, அதன் கண் எவ்விடத்தில் பதிகின்றது என்பதையும் உடன் அளந்தனர். பார்க்கும் குரங்கின் பார்வை, படத்திலுள்ள குரங்கின் கண்ணில் பதிந்தபோது மட்டும் துடித்த நரம்பணுக்கள் அமிக்டலாவில் காணப்பட்டன. அவற்றுள்ளும் சில, படத்துக் குரங்கு தன்னையே நோக்குவதுபோல் இருந்தபோது சிறப்பாக விடையிறுத்தன. கண்ணோடு கண் எதிர்நோக்குதல் குரங்கின் மூளைக்கு ஒரு தனிச் செய்தி என்பது இதனால் விளங்குகின்றது.

2018-ஆம் ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தார் மற்றொன்றையும் கண்டனர். கூட்டத்திலுள்ள குரங்குகளின் முகங்களைக் காட்டியபோது, அவற்றின் தகுதிநிலை உயர்ந்ததா தாழ்ந்ததா என்னும் செய்தியும், உணவுப் பரிசின் மதிப்பைக் குறிக்கும் அதே நரம்பணுக் கூட்டத்தால் அதே முறையில் குறிக்கப்பட்டது. உணவின் மதிப்பும் உறவின் மதிப்பும் ஒரே கணக்கில் எழுதப்படுகின்றன என்று இதனைக் கொள்ளலாம்.

பிறரைக் கண்டு கற்றல்

ஒவ்வொரு குரங்கும் எல்லாவற்றையும் தானே பட்டறிய வேண்டுவதில்லை. 1980-களில் அமெரிக்காவில் மினேக்கா, குக் ஆகியோர் இதனைச் சோதித்தனர். ஆய்வுக்கூடத்தில் பிறந்து வளர்ந்த ரீசஸ் குரங்குகள் பாம்பைக் கண்டு அஞ்சவில்லை. காட்டில் வளர்ந்த குரங்குகள் பாம்புக்கு அஞ்சுவதை நோக்கிய பின்னர், அவையும் அஞ்சத் தொடங்கின. ஆனால் பாம்புக்குப் பதில் பூவைக் கண்டு அஞ்சுவதுபோல் திரைப்படத்தை மாற்றிக் காட்டியபோது, பூவுக்கு அஞ்சக் கற்கவில்லை. அதாவது, சிலவற்றை எளிதில் கற்கும் இயல்பு பிறவியில் உண்டு; ஆயினும் கற்பதற்கு முன்மாதிரி வேண்டும். ஒரு கூட்டத்தில் மூத்த குரங்குகள் மனிதனிடம் நடந்துகொள்வதைக் குட்டிகள் நாள்தோறும் கண்டுகொண்டிருக்கின்றன என்பதை இங்கு எண்ணிப் பார்த்தல் தகும்.

தீவுகளில் பணியாற்றுவோர் கருத வேண்டியவை

ஆய்வுக்கூடத்தில் பெற்ற முடிவைக் காட்டிற்கு அப்படியே பொருத்துதல் முறையன்று. காட்டில் பசியும், கூட்டத்தின் அளவும், பழம் பழுக்கும் காலமும் நடத்தையை மாற்றும். எனினும் மேற்கண்ட உண்மைகள் களப் பணியில் ஐந்து வகையில் பயன்படும்.

முதலாவது, உணவிடாமை. சாலையோரத்தில் ஒருவர் இரக்கத்தால் எறியும் வாழைப்பழம், மனிதக் கை, பை, வண்டி ஆகிய மூன்றின் மதிப்பையும் குரங்கின் மூளையில் மாற்றி எழுதுகின்றது. அடுத்து அவ்வழியே பையுடன் வரும் பள்ளிச் சிறுவன் அம்மாற்றத்தின் விளைவை அனுபவிக்கின்றான்.

இரண்டாவது, ஒழுங்கு. ஒருநாள் உணவளித்து மறுநாள் விரட்டுதல் மிகத் தீய முறையாகும். எப்போதாவது கிட்டும் பரிசால் பழகிய செயல், எப்போதும் கிட்டும் பரிசால் பழகியதைவிட மெல்லவே மறையும் என்பது உளவியலார் பலமுறை கண்ட உண்மை. குடியிருப்பினர் அனைவரும் ஒரே முறையைக் கைக்கொண்டாலன்றிப் பயன் விளையாது. உணவிடுதல் நின்ற பின்னரும் பழைய பழக்கம் சில காலம் தலைகாட்டும். அணைந்த பழக்கம் ஓய்வுக்குப்பின் மீண்டும் தோன்றுவதைப் பாவ்லவ் நாய்களிடமே கண்டார். எனவே சில நாள்களில் மனந்தளர்தல் கூடாது.

மூன்றாவது, வெற்று மிரட்டலின் பயனின்மை. ஒரே இடத்தில் நிற்கும் வைக்கோற் பொம்மையும் ஒரே வகையான ஓசையும் முதலில் அச்சுறுத்தும். தீங்கு எதுவும் தொடராதபோது அவற்றின் மதிப்பு குறைந்துவிடும். தோப்பில் உதிர்ந்த காய்களை உடனே அகற்றுதல், குப்பைத் தொட்டியை மூடிவைத்தல், முறையாகக் காவல் செய்தல் ஆகியவை இவற்றினும் சிறந்தவை. இவை பரிசையே இல்லாமற் செய்கின்றன.

நான்காவது, பார்வை. குரங்கின் கண்ணை உற்று நோக்குதலும், வாயை அகலத் திறந்து காட்டுதலும் அதன் மொழியில் அறைகூவலாகும். குரங்கு வாயைத் திறந்து முறைத்தால், பார்வையைத் தாழ்த்தி, முதுகு காட்டி ஓடாமல், மெல்லப் பின்வாங்குதல் நன்று. குட்டியுடன் நிற்கும் தாயை நெருங்குதல் ஆகாது. கடியோ கீறலோ நேர்ந்தால் காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்லுதல் வேண்டும்.

ஐந்தாவது, பதிவேடு. நாள், இடம், குரங்குக்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட தூரம், மனிதன் கையில் இருந்தது, குரங்கு முதலில் செய்தது, இறுதியில் அதற்குக் கிட்டியது ஆகிய ஆறினையும் குறித்து வைத்தல் நன்று. இறுதிக் குறிப்பே முதன்மையானது. ஏனெனில் அடுத்த சந்திப்பில் குரங்கு நடந்துகொள்ளும் முறையை அதுவே பெரிதும் முடிவு செய்கின்றது.

இவற்றின் தேவை இனி மிகும். பெரிய நிக்கோபாரில் 1969-ஆம் ஆண்டு முதல் முன்னாள் படைவீரர் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. துறைமுகம், விமான நிலையம், நகரியம் ஆகியவற்றை அங்கு அமைக்கும் திட்டத்துக்கு 2022-ஆம் ஆண்டு நவம்பரில் சுற்றுச்சூழல் இசைவு வழங்கப்பட்டது. தீவுக்குப் புதிதாக வருவோர் பெருகுந்தோறும், மனிதன் என்பவன் எதைக் குறிப்பவன் என்று குரங்குகள் கற்கும் வாய்ப்பும் பெருகும். மூன்று தீவுகளுக்கு வெளியே இவ்வகைக் குரங்குக்கு இயற்கை வாழிடம் வேறில்லை. பயிரிழப்பால் மக்களிடையே மூளும் வெறுப்பு, சட்டம் தரும் காப்பையும் வலுவிழக்கச் செய்யக்கூடும்.

ஆசிரியர்க்கு ஒரு பயிற்சி

வகுப்பில் பச்சை, மஞ்சள், வெள்ளை ஆகிய மூன்று நிறச் சீட்டுகளைப் பயன்படுத்தி இப்பாடத்தை விளக்கலாம். ஆசிரியர் ஒரு சீட்டைக் காட்டும்போது மாணவன் அதனை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். பச்சைச் சீட்டை ஏற்றால் ஒரு மதிப்பெண் கூடும். மஞ்சளை ஏற்றால் ஒன்று குறையும். விதியை முன்கூட்டிச் சொல்லுதல் கூடாது. பத்து முறைக்குப்பின் அறிவிப்பின்றி இரு நிறங்களின் பலனையும் மாற்றுக. எத்தனை முறைக்குப்பின் மாணவன் தன் தேர்வை மாற்றுகின்றான் என்பதை வரைபடமாகக் குறிக்கச் செய்க.

அடுத்து, வெள்ளைச் சீட்டுக்கு நான்கு முறைக்கு ஒருமுறை மட்டும், ஒழுங்கின்றி, மதிப்பெண் அளிக்கலாம். பின்னர் மூன்று நிறங்களுக்கும் மதிப்பெண்ணை அடியோடு நிறுத்திவிட்டு, எந்நிறச் சீட்டை மாணவர் நெடுநேரம் விடாது ஏற்கின்றனர் என்று கணக்கிடுக. எப்போதாவது உணவு கிட்டும் சாலையோரத்தைக் குரங்கு ஏன் எளிதில் விட்டுச் செல்வதில்லை என்பதை மாணவர் தம் கணக்கிலிருந்தே கண்டுகொள்வர்.